வேணாம்னா வேணாம்னு ஒரு வரி எழுதுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல நான் முதல்ல பாக்கறது தலைப்புச் செய்தி இல்லைங்க, நாளைக்கு எங்கெங்க கரண்ட் இருக்காதுன்னு ஒரு சின்ன கட்டம் போடுவீங்கல்ல, அதுதான். வலங்கைமான்னு பேரு வந்துச்சுன்னா எனக்கு அன்னிக்கு லீவு. மிஷினுக்கு மோட்டார் மாட்டியிருக்கேன், கரண்ட் இல்லன்னா ஓடாது, காலையில ஒம்பதுலேருந்து சாயந்திரம் அஞ்சு வரைக்கும் ஜாக்கெட் கேட்டு யாரும் வர மாட்டாங்க, வந்தாலும் கரண்ட் இல்லக்கா நாளைக்கு வாங்கன்னு சொல்லிடலாம். அன்னிக்குத்தான் நான் உக்காந்து கதை எழுதறது. மத்த நாள்ல எழுதறதெல்லாம் பில் புக்குக்கு பின்னாடி ரெண்டு வரி, போன்ல நாலு வரி, அதோட சரி. இந்த லெட்டர்கூட போன்லதான் அடிக்கிறேன், அதனால முன்னபின்ன இருந்தா பொறுத்துக்குங்க.

விஷயத்துக்கு வரேன். மூணு வாரத்துக்கு முன்னாடி உங்க ஞாயிறு இணைப்புல ஒரு பெரியவர் கலை கத்துக்கறதுக்கு குரு எவ்வளவு முக்கியம்னு எழுதியிருந்தார். நல்லாத்தான் எழுதியிருந்தார், நான் குறை சொல்லல, ஆனா கடைசியில குருவில்லா வித்தை கருவில்லா முட்டைன்னு முடிச்சிருந்தார் பாருங்க, அங்கதான் எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. ஐயா, கடையில அட்டை அட்டையா விக்கிற கோழி முட்டை பூராவும் கருவில்லாத முட்டைதான். பள்ளிக்கூடத்துல சத்துணவுல பிள்ளைங்க சாப்பிடறதும் அதேதான், அதுல சத்து இல்லன்னு யாரும் சொல்லலியே. குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். (இத என் பொண்ணுகிட்ட சொன்னதுக்கு இதையும் லெட்டர்ல எழுது, போடுவாங்கன்னா. எழுதிட்டேன்.)

எனக்கு 43 வயசு ஆவுது. 26 வருஷமா தையல், 11 வருஷமா கதை. இதுவரைக்கும் எழுதி முடிச்சது 37, அச்சுல வந்தது 2. ஆக குரு இருந்தா எப்படி இருக்கும் இல்லன்னா எப்படி இருக்கும்னு ரெண்டுமே எனக்கு தெரியும், ஏன்னா தையல்ல எனக்கு குரு உண்டு, எழுத்துல கெடையாது.

ப்ளஸ் டூ முடிச்ச வருஷம் கும்பகோணத்துல ஒரு அக்காகிட்ட என்னை தையலுக்கு சேத்துவிட்டாங்க. முதல் ஆறு மாசம் கொக்கி வச்சு கட்டறது, ஓரம் மடிச்சு ஹெம்மிங் பண்றது, பாபின்ல நூல் சுத்தறது, வேற ஒண்ணும் கெடையாது, மிஷின் பக்கமே விடல. அப்பறம் தைக்க விட்டுச்சு. இப்ப யோசிச்சு பாத்தா அந்த அக்கா எதையாவது உக்கார வச்சு சொல்லிக்குடுத்ததா எனக்கு ஞாபகமே வரல. தைச்சு முடிச்சு கொண்டுபோய் குடுத்தா கையில வாங்கும், வாசப்படி வெளிச்சத்துக்கு போவும், உள்பக்கம் திருப்பி பாக்கும், அப்பறம் ஒரே வார்த்தை. பிரி. என்னக்கா தப்புன்னு கேட்டா, பிரிச்சா தெரியும். பிளேடு வச்சு ஒவ்வொரு தையலா பிரிப்போம், பிரிக்கறப்பதான் தெரியும் கை சேக்கற எடத்துல முன்பக்கத்து துணிய இழுத்து பிடிச்சிருக்கோம்னு. ஒரு தீபாவளி சமயத்துல ஒரே ஜாக்கெட்ட நாலு தடவை பிரிச்சேன், துணியே ஓட்டையா போச்சு, அதுக்கு கட் பீஸ் கடையில அந்த அக்காவே காசு போட்டு வேற துணி வாங்கிக்குடுத்துச்சு.

இதத்தான் நான் சொல்ல வரேன். சொல்லிக்குடுக்கறதுக்கு குரு வேணும்னு எல்லாரும் நெனைக்கறாங்க. சொல்லிக்குடுக்கறதுக்கு இப்ப ஆளா இல்ல, போன தெறந்தா கதை எழுதறது எப்படின்னு ஆயிரம் பேர் கைய ஆட்டி ஆட்டி பேசறாங்க. இல்லாதது எதுன்னா வாங்கி வெளிச்சத்துல திருப்பி பாத்து பிரின்னு சொல்ற ஆள். எங்க வீட்டுக்காரர் டாடா ஏஸ் ஓட்டறார், ராத்திரி வந்து படுத்துகிட்டே படிச்சுட்டு நல்லாருக்குன்னு சொல்வார். பொண்ணு தஞ்சாவூர்ல காலேஜ் படிக்குது, அது சூப்பர்மான்னு ஒரு மெசேஜ் போடும். நல்லாருக்கு, சூப்பர் ரெண்டுமே ஒண்ணுதான், உள்பக்கம் திருப்பி பாக்கலன்னு அர்த்தம். அவங்க மேல தப்பு இல்ல, பாசம் இருக்கற எடத்துல பிளேடு வராது.

எங்க பக்கம் எழுத்துக்கு குரு பஞ்சமே கெடையாதுன்னு பெருமையா சொல்வாங்க. பிச்சமூர்த்தியும் கு.ப.ராவும் கும்பகோணம் இரட்டையர்னே பேரு. அவங்களுக்கு அடுத்து தி.ஜானகிராமன், எம்.வி.வெங்கட்ராம், கரிச்சான் குஞ்சுன்னு ஒரு செட்டு. பெரியவங்கள தேடிப்போய் பாத்து பேசி, ஒருத்தர ஒருத்தர் படிச்சு வளந்தவங்க. அதப்பத்தி படிக்கறப்பல்லாம் எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும். நான் ராத்திரி எட்டு மணிக்கு மகாமக குளத்தங்கரையில உக்காந்து சிறுகதைய பத்தி ரெண்டு ஆம்பளைங்க கூட பேசிட்டிருந்தேன்னு வைங்க, ஒம்பது மணிக்குள்ள வலங்கைமானுக்கு நியூஸ் வந்துடும். உங்க பேப்பர்கூட அவ்வளவு வேகமா வராது. அதனால குருவ தேடிப்போன்னு சொல்றது ஈசி, போறதுக்கு காலு மட்டும் இருந்தா பத்தாது.

சரி குரு கெடைச்சவங்க கதைதான் என்னன்னு பாத்தா அதுலயும் ஒரு விஷயம் இருக்கு. உத்தமதானபுரம் எங்க பக்கத்து ஊருதான், உ.வே.சாமிநாதையர் நினைவு இல்லம் அங்க இருக்கு. குரு சிஷ்யன்னு பேச்செடுத்தாலே அவரத்தான் சொல்வாங்க. மகனுக்கு தமிழ் சொல்லித்தர ஆள் தேடி அவங்க அப்பா குடும்பத்தையே ஊர் ஊரா கூட்டிட்டு போனார், கடைசியில 1871ல மாயவரத்துல மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட சேத்துவிட்டார், 1876ல பிள்ளை காலமாகற வரைக்கும் இவர் அவர்கிட்ட பாடம் கேட்டார். இது எல்லாருக்கும் தெரியும். ஆனா அவர் இன்னிக்கு தமிழ்த்தாத்தான்னு பேர் வாங்கினது எதனால, ஏட்டுச்சுவடிய தேடித்தேடி பதிப்பிச்சதால. அது ஆரம்பிச்சது 1880ல, குரு போயி நாலு வருஷம் கழிச்சு. கும்பகோணம் காலேஜ்ல தமிழ் வாத்தியாரா இருக்கார், சேலம் ராமசாமி முதலியார்னு ஒரு முன்சீப் கும்பகோணத்துக்கு மாத்தலாகி வரார். மரியாதைக்கு பாக்கப்போனா என்னென்ன படிச்சிருக்கீங்கன்னு கேக்கறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலான்னு வரிசையா அடுக்கறார். அவர் அசையவே இல்ல. அதெல்லாம் படிச்சு என்ன பிரயோஜனம், சீவக சிந்தாமணி படிச்சிருக்கீங்களான்னு கேட்டுட்டார். படிச்சதில்ல. அவ்வளவு பெரிய குருகிட்டயும் அத பாடம் கேட்டதில்ல. எப்படி இருந்திருக்கும் பாருங்க அந்த நிமிஷம், எனக்கு அந்த அக்கா வாசப்படியில நின்னு பிரின்னு சொன்ன மாதிரியே தோணும். அப்பறம் அந்த முதலியார்கிட்டயே படிய வாங்கி, அது ஜைனக் காப்பியம்ங்கறதால புரியாத எடத்த கும்பகோணத்துலயே இருந்த ஜைனர்கள் வீட்டுல போய் கேட்டு கேட்டு தெரிஞ்சுகிட்டு, 1887ல அச்சுல கொண்டுவந்தார். அப்ப குருவோட வேலைய யார் பண்ணியிருக்காங்க? தலையில குட்டினது கோர்ட்டுல வேலை பாக்கற ஒரு ஆபீசர், பதில் சொன்னது தலைமுறை தலைமுறையா அத வீட்டுல படிச்சிட்டிருந்த குடும்பங்க. ரெண்டு பேருமே வித்வான்னு போர்டு மாட்டிக்கிட்டவங்க இல்ல.

அதே கும்பகோணத்துல இன்னொருத்தர், கணக்கு ராமானுஜன். குருவே இல்லாம வந்தவர்னு அவர சொல்வாங்க. எனக்கு கணக்கு வராது, அவர் என்ன கண்டுபிடிச்சார்னு கேக்காதீங்க, ஆனா எப்படி கத்துகிட்டார்ங்கறது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். பதினஞ்சு பதினாறு வயசுல கார்னு ஒரு வெள்ளைக்காரர் தொகுத்த கணக்கு புத்தகம் கையில கெடைச்சுது. ஆயிரக்கணக்குல சூத்திரம் வரிசையா போட்டிருக்கும், ஏன் எப்படிங்கற விளக்கம் ரொம்ப கம்மி. அதனால ஒவ்வொண்ணையும் இவரே போட்டு பாத்துத்தான் ஆவணும். பேப்பர் வாங்க காசில்லாம சிலேட்டுல போட்டு முழங்கையாலயே அழிச்சு அழிச்சு, வந்த விடைய மட்டும் நோட்டுல எழுதி வச்சார். பின்னாடி கேம்பிரிட்ஜ் போனப்ப நிரூபணம் எங்கன்னு கேட்டாங்க. பாத்தீங்களா, புத்தகம்தான் குருன்னா அந்த புத்தகத்தோட பழக்கமும் நமக்கு ஒட்டிக்கும். எனக்கு குரு வாரப்பத்திரிகை தொடர்கதை. அதனால என்னோட முதல் பத்து கதையில கடைசி பாராவுல யாராவது ஒருத்தர் கண்ணுலேருந்து ஒரு சொட்டு கண்ணீர் விழுந்து ஒரு லெட்டர் நனையும். பத்து கதையிலயும். லெட்டர் எழுதற பழக்கமே போயி எவ்வளவு வருஷம் ஆவுது, அது எனக்கு அப்ப தோணவே இல்ல.

இனிமே நான் சொல்றது எனக்கு நானே பண்ணிகிட்ட ஏற்பாடு. என்ன மாதிரி எங்கயாவது ஊர்ல தனியா உக்காந்து எழுதறவங்க, வரையறவங்க, பாட்டு கட்றவங்க யாராவது உங்க பேப்பர படிச்சா அவங்களுக்கு உதவும்னுதான் எழுதறேன்.

எங்க தொழில்ல அளவு ஜாக்கெட்னு ஒண்ணு உண்டு. டேப் வச்சு உடம்புல அளவு எடுக்கறதவிட அவங்களுக்கு கச்சிதமா இருக்கற பழைய ஜாக்கெட் ஒண்ண குடுத்துட்டா அத பாத்து வெட்டிடுவோம். புதுசா ஒரு மாடல் வந்தா அத எப்படி வெட்டியிருக்காங்கன்னு தெரியணும்னா பழசு ஒண்ண வாங்கி மொத்தமா பிரிச்சு, துண்டு துண்டா தரையில பரப்பி, பேப்பர்ல வரைஞ்சுக்குவோம். இததான் கதைக்கும் பண்ணேன். எனக்கு ரொம்ப பிடிச்ச சிறுகதை ஒண்ண (பேரு வேணாம், சொன்னா அதுதான் பெஸ்ட்டான்னு சண்டைக்கு வருவாங்க) முழுசா கையால ஒரு நோட்டுல எழுதினேன், நாலு மின்தடை நாள் ஆச்சு. அப்பறம் மூணு கலர் ஸ்கெட்ச் எடுத்து பேச்சு வர எடத்துக்கு ஒரு கலர், யாராவது ஏதாவது செய்ற எடத்துக்கு ஒரு கலர், மனசுக்குள்ள நெனைக்கற எடத்துக்கு ஒரு கலர் அடிச்சேன். அந்த கதையில நெனைக்கற கலர் அங்கங்க பொட்டு பொட்டாத்தான் இருந்துச்சு. அப்பறம் என் கதை ஒண்ண எடுத்து அதே மாதிரி அடிச்சு பாத்தா பக்கம் பூரா ஒரே கலரு. என் கதையில எல்லாரும் ஜன்னலோரமா நின்னு நெனைச்சுகிட்டே இருந்திருக்காங்க, ஒருத்தரும் சோறுகூட வடிக்கல. இத எனக்கு ஒரு குரு வாயால சொல்லியிருந்தா ஒரு வாரம் அழுதிருப்பேன், ஸ்கெட்ச் சொன்னதால சிரிப்புதான் வந்துச்சு.

அடுத்தது படிச்சு காட்றது. என்கிட்ட அளவு குடுக்க வர அக்காங்க, அத்தைங்க, ஹெம்மிங் முடியற வரைக்கும் இருந்து வாங்கிட்டு போறேன்னு பெஞ்சுல உக்காருவாங்க. அப்ப ஒரு புக்குல ஒரு கதை படிச்சேன்க்கான்னு ஆரம்பிச்சு என் கதையவே சொல்வேன். நான் எழுதினதுன்னு சொல்ல மாட்டேன், சொன்னா உடனே நல்லாருக்குன்னுடுவாங்க. சொல்லிட்டே அவங்க கைய பாப்பேன். எந்த எடத்துல கை போனுக்கு போவுதோ அந்த எடம் தொய்வு. ஒரு தடவை புருஷன்கிட்ட கோவிச்சுகிட்டு ஒரு பொண்ணு ராத்திரியோட ராத்திரியா வீட்ட விட்டு கெளம்பி மெட்ராஸ் பஸ் ஏறி போற கதை, எனக்கு ரொம்ப பெருமையான கதை அது, நிலா, காவிரி பாலம், காத்து எல்லாம் போட்டு எழுதியிருந்தேன். சொல்லி முடிச்சதும் களையெடுக்க போற ஒரு அத்தை, ஏம்மா அந்த புள்ளைக்கு பஸ்ஸுக்கு காசு ஏதுன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான். நான் 11 வருஷத்துல வாங்கின ஒசந்த விமர்சனம் அது. வீட்டுல இருக்கற பொம்பளைக்கு மெட்ராஸ் டிக்கெட் காசு கையில எப்படி வந்துச்சுங்கறதுதானேங்க கதையே, நான் அத விட்டுட்டு நிலாவ எழுதிட்டிருந்திருக்கேன். பிரிச்சேன். இப்ப அந்த கதையில நிலா இல்ல, அரிசி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்ச சீட்டுக்காசு இருக்கு. அச்சுல வந்த ரெண்டுல ஒண்ணு அதுதான்.

இன்னொண்ணு சாமிமலையில பாத்தது. ஒரு கல்யாண ஆர்டர் குடுக்கப்போனப்ப பக்கத்துல ஐம்பொன் சிலை பட்டறை, எட்டிப்பாத்தேன். நம்ம ஆளு அளவுக்கு என்ன டேப் வச்சிருக்கார்னுதான் பாத்தேன், தொழில் புத்தி போவுமா. டேப்பே இல்ல. தென்னை ஓலைய நீளவாக்குல ஒரு பட்டையா கிழிச்சு, செய்யப்போற சிலையோட உயரத்துக்கு நறுக்கி, அத மடிச்சு மடிச்சு முகம் இவ்வளவு மார்பு இவ்வளவு கால் இவ்வளவுன்னு கணக்கு வச்சிருக்காங்க. ஒடியோலைன்னு பேராம். ஒரு அடி சிலைன்னாலும் நாலு அடி சிலைன்னாலும் அதது உயரத்துக்கு அதது ஓலை. எனக்கு அத பாத்துட்டு பஸ்ஸுல வர வழியெல்லாம் அதே நெனைப்பு. நான் எப்பவும் என் கதைய யாராவது பெரிய எழுத்தாளர் கதை பக்கத்துல வச்சு பாத்து பாத்து சுருண்டு போயிட்டிருந்தேன். அவர் டேப் வேற. அன்னிலேருந்து புது கதை எழுதினா என்னோடதே பழைய கதை ஒண்ண எடுத்து பக்கத்துல வச்சு படிக்கிறேன், 2016ல எழுதினது, 2019ல எழுதினது. பழசுல என்ன அசிங்கமா தெரியுதுன்னு பாத்து அது புதுசுலயும் இருக்கான்னு தேடுவேன். பாதி நேரம் இருக்கும். இருந்தாலும் எனக்கே அசிங்கமா தெரிய ஆரம்பிச்சதுன்னா கண்ணு கொஞ்சம் தெளிஞ்சிருக்குன்னுதானே.

மனச ஒடையாம வச்சுக்கறதுதான் இதெல்லாத்தவிட கஷ்டம். நேர்த்திக்கடனுக்கு பொணம் மாதிரி பாடையில படுத்து கோயிலுக்கு போற பாடைக்காவடி எடுக்கற ஊரு எங்க ஊரு, செத்து பொழைக்கறது எங்களுக்கு ஒண்ணும் புதுசில்ல, ஆனாலும் கதைய அனுப்பிட்டு ஆறு மாசம் போஸ்ட்மேன பாத்துகிட்டே இருக்கறது இருக்கே, அது சாவவும் விடாது பொழைக்கவும் விடாது. அதுக்கு எங்க அப்பாகிட்டேருந்து ஒண்ணு எடுத்துகிட்டேன். எங்க பக்கம் சம்பா அறுக்கறதுக்கு வாரம் பத்து நாளைக்கு முன்னாடியே, கதிரு நிக்கறப்பவே, வயல்ல இருக்கற ஈரத்துலயே உளுந்தயும் பயறயும் தெளிச்சுடுவாங்க. அறுத்து முடிக்கறப்ப உளுந்து மொளச்சு நிக்கும். அறுத்துட்டு அப்பறமா தெளிச்சா ஈரம் போயிடும். அது மாதிரி ஒரு கதை முடியப்போவுதுன்னு தெரியறப்பவே அடுத்த கதைக்கு ரெண்டு பக்கம் கிறுக்கி வச்சுடுவேன். அப்ப இந்த கதைய தபால்ல போட்டுட்டு வந்தாலும் வீட்டுல ஒண்ணு பச்சையா இருக்கும். தீபாவளிக்கு முன்னாடி ரெண்டு மாசம், பொங்கலுக்கு முன்னாடி ஒரு மாசம் எழுதவே மாட்டேன், ஆர்டர் குவிஞ்சிருக்கும். முன்ன அதுக்கு குற்ற உணர்ச்சியா இருக்கும், இப்ப இல்ல. கோடையில தரிசா கெடக்கற வயல பாத்து யாரும் திட்றதில்லையே.

வழிகாட்டறேன்னு சொல்லிகிட்டு வரவங்க பத்தியும் ஒரு வார்த்தை. எழுத்து பயிற்சின்னு ஆன்லைன்ல ஒரு கும்பல்கிட்ட 3,500 ரூபாய் கட்டினேன், அது ஏழு கல்யாண ஜாக்கெட் கூலி. ஒரு சர்ட்டிபிகேட்டும், ஒரு தொகுப்புல என் கதையும் வந்துச்சு. கதையில ஒரு எழுத்துப்பிழையகூட திருத்தல, என் பேரையும் தப்பா போட்டிருந்தாங்க. இன்னொருத்தர் உங்களுக்கு நான் வழிகாட்டறேன்னு ராத்திரி பத்தரை மணிக்கு மேலதான் போன் பண்ணுவார். வழி எங்க போவுதுன்னு தெரிஞ்சுது, பிளாக் பண்ணிட்டேன்.

இப்ப எங்களுக்குன்னு ஒண்ணு இருக்கு, அத சொல்லாம விட்டா நன்றி கெட்டவளாயிடுவேன். எங்க பக்கத்து ஊர்ப்புற நூலகம். நூலகம்னு பேச்சு வந்தா எங்க பக்கத்துக்காரங்களுக்கு கொஞ்சம் திமிரு உண்டு, இந்திய நூலகத்துக்கே தந்தைன்னு சொல்ற ரங்கநாதன் சீர்காழிக்காரர், 1931லயே மன்னார்குடி பக்கம் மேலவாசல்லேருந்து மாட்டுவண்டியில புஸ்தகம் ஏத்தி கிராமம் கிராமமா கொண்டுபோய் குடுத்திருக்காங்க. 1948ல நூலக சட்டம் வந்ததும், சுதந்திர இந்தியாவுலயே முதல்ல நம்ம மாகாணத்துலதான். அந்த வண்டி எங்க ஊரு வழியா போயிருந்தா எங்க அப்பாயி எழுத்தாளரா ஆயிருக்கும், அது சொல்ற கதைக்கு. சரி அத விடுங்க. மாசத்துல ஒரு சனிக்கிழமை நாங்க நாலு பேர் அங்க கூடறோம், ஒரு அங்கன்வாடி டீச்சர், காலேஜ் முடிச்சுட்டு வீட்டுல இருக்கற ஒரு பொண்ணு, ரிட்டையரான ஒரு தபால்காரர், நான். ஒருத்தர் எழுதினத படிப்பாங்க. ஒரே ஒரு ரூல், நல்லாருக்குன்னு யாரும் சொல்லக்கூடாது, சொன்னா அஞ்சு ரூபாய் பைன். எந்த எடத்துல நல்லாருக்கு, எந்த எடத்துல கவனம் போச்சுன்னு எடத்த காட்டணும். எட்டு மாசத்துல 140 ரூபாய் சேந்துச்சு, அதுல முக்காவாசி தபால்காரர் குடுத்தது, அவருக்கு மனசு வராது. அந்த காசுலதான் டீயும் பஜ்ஜியும். நாலு பேர்ல ஒருத்தரும் குரு இல்ல. ஆனா நாலு பேரும் சேந்தா அந்த அக்காவோட அரை கண்ணு வருது. மீதி அரை கண்ணுக்குத்தான் இந்த லெட்டர்.

அது உங்ககிட்டதான் இருக்கு. உங்க ஆபீசுக்கு வாரத்துக்கு எவ்வளவு கதை வரும்னு என்னால நெனைச்சு பாக்க முடியுது, எல்லாத்துக்கும் பதில் எழுத முடியாதுன்னும் புரியுது. ஆனா அத படிச்சு வேணாம்னு ஒதுக்கற ஒருத்தர் இருக்கார்ல, அவருக்கு ஏன் ஒதுக்கறோம்னு தெரியும்ல. அந்த காரணம் அவர் மேஜையிலேயே செத்துப்போயிடுது. நாங்க எங்க துணி பையில ஒரு சீட்டு போட்டு வைப்போம், கை அரை இஞ்ச் லூசு, கழுத்து இறக்கம், கொக்கி மாத்தணும்னு டிக் அடிச்சு. அது மாதிரி ஒரு சீட்டு அடிச்சு வைங்களேன். ரொம்ப நீளம். முடிவு முன்னாடியே தெரியுது. இந்த விஷயம் நெறைய வந்துடுச்சு. பேச்சு ஒட்டல. எங்க பேப்பருக்கு செட் ஆவாது. அஞ்சு கட்டம் போதும், ஒண்ணுல டிக் அடிச்சு, நாங்க கதையோட ஸ்டாம்ப் ஒட்டி வச்சு அனுப்பற கவர்ல போட்டா போதும். இல்லன்னா வாட்ஸப்ல ஒரு நம்பர் மட்டும் அனுப்புங்க, மூணுன்னா மூணாவது காரணம்னு நாங்க புரிஞ்சுக்கறோம்.

முடிஞ்சா இன்னொண்ணு. ஞாயிறு இணைப்புல மாசம் ஒரு தடவை, யாராவது வாசகர் எழுதின ஒரு பக்கத்த, அவங்க சம்மதத்தோட, உங்க உதவி ஆசிரியர் சிவப்பு பேனாவால அடிச்சு திருத்தி எழுதினபடியே போட்டோ பிடிச்சு போடுங்க. விளக்கம்கூட வேணாம். எத அடிச்சிருக்கார், எத மேல ஏத்தியிருக்கார்னு பாத்தாலே ஆயிரம் பேர் கத்துக்குவாங்க. பேரு போட கூச்சப்பட்டா பேரு இல்லாம போடுங்க. முதல் ஆளா நான் தயார், என் பேரையே போடலாம், சரியா போட்டா போதும்.

ராமானுஜன் 1913 ஜனவரியில மெட்ராஸ் துறைமுக ஆபீஸ்ல குமாஸ்தாவா இருந்துகிட்டு, பின்னாடி அவர கேம்பிரிட்ஜுக்கு வரவழைச்ச கணக்கு மேதை ஹார்டிக்கு லெட்டர் போட்டார்ல, அதுக்கு முன்னாடி கேம்பிரிட்ஜ்லயே ரெண்டு பேருக்கு போட்டு ஒண்ணும் நடக்கல. நான் அவர் இல்ல, நீங்களும் ஹார்டி இல்ல, கோவிச்சுக்காதீங்க. போன ரெண்டு தடவை உங்களுக்கு அனுப்பின கதைக்கு பதில் இல்ல, இது மூணாவது. கூட ஒரு கதை வச்சிருக்கேன், ஒம்பது பக்கம், ஸ்டாம்ப் ஒட்டின கவரும் இருக்கு. வர்ற வியாழக்கிழமை வலங்கைமான்ல கரண்ட் இல்லன்னு உங்க பேப்பர்லயே போட்டிருக்கீங்க, அதுக்குள்ள சீட்டு வந்துச்சுன்னா அன்னிக்கே பிரிச்சுடுவேன்.

இப்படிக்கு,
தையக்கடை வச்சிருக்கற ஒரு வாசகி,
வலங்கைமான், திருவாரூர் மாவட்டம்.